திட்டிவாசல்

2012 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, விடிகாலை நாலரை மணிக்கு பெங்களூர் கலாசிபாளையத்தில் இறங்கினேன். வேலூரிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் ஆம்னி பஸ் விடிவதற்குள் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போய்விடும். பிஜியிலோ ஆறு மணிக்கு முன்னால் கதவைத் திறக்க மாட்டார்கள். நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தை மார்க்கெட் பக்கமிருந்த ஒரு டீக்கடை பெஞ்சில் கழிப்பேன். கொத்தமல்லிக் கட்டுகள், சாமந்தி மூட்டைகள், பாதி தமிழ், பாதி கன்னடம், மிச்சம் உருது. அடுத்த ஏழு வருடங்கள், மாதத்துக்கு இரண்டு தடவையாவது இதேதான். அந்த பெஞ்சிலிருந்து எழுந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஒரு கோட்டை வாசல் இருக்கிறது என்பது இந்த ஏழு வருடத்தில் எனக்குத் தெரியாது.

இது ஒரு வேலூர்க்காரிக்கு அவமானம். எங்கள் ஊரில் கோட்டை என்பது சரித்திரம் இல்லை, வழி. பஸ் ஸ்டாண்டு போக, ஸ்கூல் போக, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போக, யாரையாவது ரகசியமாகப் பார்க்க, எல்லாவற்றுக்கும் கோட்டையைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அகழி நிறைய தண்ணீர், முழுசாகச் சுற்றி மதில். வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, அழகில்லாத பெண்கள். 1981இல் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்துவிட்டது. மற்றவற்றைப் பற்றி நான் கருத்துச் சொல்வதற்கில்லை.

அப்படி முழுசான கோட்டையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, மார்க்கெட் மேம்பாலத்துக்கும் ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டுச் சுவர் கோட்டையாகவே படவில்லை போல. பலமுறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஏதோ பழைய கட்டடம் என்று நினைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் அந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது சுற்றுவழியில். ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோரமங்கலாவிலிருந்து.

*

2019இல் எங்கள் ஆபீஸ் கோரமங்கலாவில் இருந்தது. தடுக்கி விழுந்தால் ஒரு ஸ்டார்ட்-அப் மேல்தான் விழ வேண்டும் என்கிற ஏரியா. நான் அப்போது மாசமாக இருந்தேன். சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். டீமில் இருந்த கன்னடப் பெண் ஒருத்தி துணைக்கு வருவாள். ஒருநாள் மாநகராட்சிப் பூங்கா ஒன்றுக்குள் நுழைந்தோம். உள்ளே சின்னதாக ஒரு கோயில் மாதிரி. யாரோ மஞ்சள் குங்குமம் வைத்து, செவ்வந்தி போட்டிருந்தார்கள்.

"என்ன சாமி இது?"

"சாமி அல்ல. லட்சுமம்மா. கெம்பேகௌடர் மருமகள்" என்றாள். அப்புறம் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "ப்ச், இன்னொரு நாள் சொல்றேன்" என்றாள்.

நான் விடவில்லை. அவள் சொன்ன கதை இது. பெங்களூரில் யாரைக் கேட்டாலும் ஏறத்தாழ இப்படித்தான் சொல்வார்கள்.

1537இல் கெம்பேகௌடர் பெங்களூருக்கு மண்கோட்டை கட்டுகிறார். நாலு திசைக்கும் வாசல். எல்லாம் சரியாக வருகிறது, ஒரு வாசல் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. பகலில் கட்டினால் ராத்திரி சரிகிறது. மறுபடி கட்டுகிறார்கள், மறுபடி சரிகிறது. பலி கேட்கிறது என்கிறார்கள் பெரியவர்கள். சாதாரணப் பலி போதாது, கர்ப்பிணிப் பெண் வேண்டும். கெம்பேகௌடர் மறுத்துவிடுகிறார். அப்படி ஒரு கோட்டையே எனக்கு வேண்டாம் என்கிறார். அவருடைய மருமகள் லட்சுமம்மா அப்போது கர்ப்பமாக இருக்கிறாள். மாமனார் தூங்காமல் தவிப்பதைப் பார்க்கிறாள். ராத்திரி யாருக்கும் சொல்லாமல் கத்தியை எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போகிறாள். விடிந்து பார்த்தால் அவள் உடல் அங்கே கிடக்கிறது. அன்றைக்குப் பிறகு வாசல் விழவில்லை.

கெம்பேகௌடர் கோரமங்கலாவில் அவளுக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார்.

இது சரித்திரமா, ஊர்க்கதையா என்றால் ஊர்க்கதைதான். நம் பக்கமும் இந்த மாதிரி எத்தனையோ உண்டு. ஏரிக்கரை நிற்காமல் போனதற்கு, அணை உடைந்ததற்கு, தேர் நகராததற்கு என்று பெண்களைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பெண்ணையே அம்மன் ஆக்கி வருடத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்கிற ஊர்கள். தீப்பாய்ந்த அம்மன் கோயில் எத்தனை ஊரில் இருக்கிறது. நான் சின்ன வயதில் இதையெல்லாம் பக்தியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றில் பாப்பா அசைந்துகொண்டிருக்கும்போது கேட்டபோது, எனக்குக் கதையில் ஒரே ஒரு வார்த்தைதான் உறுத்தியது. "தானாகப் போனாள்." அவளுக்கு யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, மாமனார் தடுத்தேவிட்டார். அப்படியானால் அந்தப் பெரியவர்கள் சொன்னது எப்படி அவள் காதுக்குப் போனது? ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்தான் மாசமாக இருக்கிறாள், கூடத்தில் உட்கார்ந்து "மாசமாக இருக்கிற பெண் வேண்டும்" என்று பேசுகிறார்கள் என்றால், அது கேட்காதது ஆகுமா?

"யூ ஆர் ஓவர்திங்கிங்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டே ஆபீஸுக்குத் திரும்பினோம். ஸ்டாண்ட்-அப்புக்கு நேரமாகிவிட்டது.

*

மூன்று வாரம் கழித்து எங்களுக்கு ஒரு பெரிய ரிலீஸ் இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது அது வேறு பெயரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு கோ-லைவ். பணம் செலுத்தும் பகுதியை முழுக்க எழுதியது நான். எனக்கு அப்போது முப்பத்தொரு வாரம்.

இரண்டு மணி நேரத்தில் எல்லாம் சரிய ஆரம்பித்தது. ஒரு பிழையைத் திருத்தி டெப்ளாய் செய்தால் இன்னொரு இடத்தில் விழுகிறது. அதைத் தூக்கி நிறுத்தினால் முதல் இடம் மறுபடி விழுகிறது. காலில் பதினேழு பேர் இருந்தோம். மேனேஜர் நல்ல மனிதர், இதை நான் உண்மையாகவே சொல்கிறேன். ஒன்றரை மணிக்கு அவரே சொன்னார்: "நீங்க லாக்-ஆஃப் பண்ணுங்க, ரெஸ்ட் எடுங்க. நாங்க பார்த்துக்கறோம்."

அதற்குப் பிறகு ஒரு அமைதி. மியூட் போட்ட பதினாறு பேரின் அமைதி. அந்தப் பகுதியின் உள்கட்டு யாருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ரோல்பேக் செய்தால் திங்கட்கிழமை க்ளையன்ட் முன்னால் நிற்கப்போவது யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"பரவாயில்ல, நான் இருக்கேன்" என்றேன்.

உடனே நாலைந்து பேர் அன்-மியூட் செய்தார்கள். ஒருவர் கைதட்டும் ஈமோஜி போட்டார். அந்தச் சத்தத்தில் இருந்த நிம்மதி இன்னும் என் காதில் இருக்கிறது.

காலை ஆறரைக்கு எல்லாம் நின்றது. ஏழு மணிக்கு எனக்கு உதிரம் போக ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் பிறந்தாள், ஒரு கிலோ நானூறு. இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். என்னவர் அவளைப் பார்த்துவிட்டு வந்து, "என் உள்ளங்கை அளவு பாதம் இல்ல, என் கட்டை விரல் அளவு பாதம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

டாக்டரிடம் கேட்டேன், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததால்தான் இப்படி ஆனதா என்று. அதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் சொல்ல முடியாது, உங்களுக்கு ஏற்கெனவே நஞ்சு கீழே இறங்கியிருந்தது, எப்போது வேண்டுமானாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்றார். நான் அதை நம்புகிறேன். வாரத்தில் ஐந்து நாள் நம்புகிறேன்.

ஆபீஸிலிருந்து பூங்கொத்து வந்தது. அந்தக் காலாண்டில் எனக்கு விருது கொடுத்தார்கள். அதில் எழுதியிருந்த காரணம்: தன்னார்வத்துடன் பொறுப்பேற்றுக்கொண்டமைக்காக.

நான் லட்சுமம்மா இல்லை. இந்த ஒப்பீட்டை நானே வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். எனக்கு ஏசி அறை இருந்தது, சம்பளம் இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது, மகளும் இருக்கிறாள், இப்போது ஐந்து வயது, வாயை மூடுவதில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த நாட்களில், அந்த வாசல் எங்கே இருந்தது, இப்போது என்ன ஆயிற்று என்று தேடித் தேடிப் படித்தேன். அவள் உயிரைக் கொடுத்து நின்ற வாசல், எத்தனை நாள் நின்றது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

*

லட்சுமம்மாவின் வாசல் இல்லை. கெம்பேகௌடரின் மண்கோட்டை முழுக்கவே போய்விட்டது. ஊரைச் சுற்றியிருந்த வாசல்களில் சில பெயராக மட்டும் மிச்சம். மாநகராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அல்சூர் கேட் ஸ்டேஷன் என்று பெயர். அங்கே போய் கேட் எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள்.

பெங்களூரில் இருந்தது இரண்டு அரண். வடக்கே பேட்டை, அதாவது கடைத்தெருக்களும் வீடுகளும் இருந்த ஊர், அதைச் சுற்றி மண்சுவரும் முள்வேலியும். அதன் தெற்கே ஒட்டினாற்போல முட்டை வடிவத்தில் தனிக்கோட்டை, சுற்றளவு ஏறத்தாழ ஒரு மைல். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மைசூர் சிக்கதேவராஜ உடையார் மொகலாயர்களிடமிருந்து பெங்களூரை மூன்று லட்ச ரூபாய்க்கு வாங்கினார். இன்றைக்கு அதே பணத்துக்கு அங்கே ஒரு பைக்கை நிறுத்தும் இடம் வாங்க முடியுமா என்பது சந்தேகம். தெற்குக் கோட்டை அவர் காலத்தில் உருவானது. 1761இல் ஹைதர் அலி அதைக் கருங்கல்லில் மாற்றிக் கட்டினார். அதற்கு இரண்டு பெரிய வாசல்கள். வடக்கே பேட்டையைப் பார்த்தது டெல்லி வாசல், தெற்கே மைசூர் வாசல்.

இதில் மைசூர் வாசல் போய்விட்டது. டெல்லி வாசலும் அதை ஒட்டிய கொஞ்சம் மதிலும் கொத்தளமும்தான் இன்றைக்கு நிற்பவை. மொத்தக் கோட்டையில் சுமார் 5 சதவீதம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போனபோது ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1791 பிப்ரவரியில் காரன்வாலிஸ் பிரபு திப்புவைப் பிடிக்கக் கிளம்பியது என் ஊரிலிருந்து. வேலூரில் படையைச் சேர்த்து, ஆம்பூர் பக்கமாக மலையேறப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, திடீரென்று வடக்கே திரும்பி மொகிலிக் கணவாய் வழியாக ஏறினார். கோலார், ஹொசகோட்டை, பெங்களூர். நான் ஏழு வருடம் ஆம்னி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்த பாதைக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை அது. மார்ச் 5 வாக்கில் பெங்களூர் வந்து சேர்ந்தார்கள். ஐரோப்பிய ரெஜிமென்ட்டுகளோடு மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள், மாடு ஓட்டுகிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், சமைக்கிறவர்கள் என்று படையைவிடப் பெரிய கூட்டம். பெங்களூருக்குத் தமிழ் பேசிக்கொண்டு வேலைக்கு வந்தவர்களில் நான் முதல் ஆள் இல்லை என்பது தெரியும். இவ்வளவு பழைய வரிசையில் நிற்கிறேன் என்பது தெரியாது.

மார்ச் 7ஆம் தேதி அல்சூர் வாசலை உடைத்துப் பேட்டைக்குள் புகுந்தார்கள். அந்த வாசலில் மதராஸ் பீரங்கிப்படையின் கர்னல் மூர்ஹவுஸ் குண்டடிபட்டுச் செத்தார். அவர் சாவதை ராபர்ட் ஹோம் என்கிற ஓவியர் பெரிய படமாக வரைந்திருக்கிறார். சென்னை கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் அவருக்குச் சலவைக்கல் நினைவுச்சின்னம் இருக்கிறது. அதே வாசலில் அவரோடு விழுந்த சிப்பாய்களில் ஒருவரின் பெயரைக்கூட நான் படித்தவற்றில் பார்க்கவில்லை.

பேட்டையிலிருந்து கோட்டைக்கு இரண்டு வாரம். பீரங்கிகளை இழுத்துவந்து டெல்லி வாசல் பக்கத்து மதிலை அடித்துக்கொண்டே இருந்தார்கள். திப்பு தன் படையோடு வெளியே, எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். நெருங்க முடியவில்லை. மார்ச் 21 ராத்திரி பதினோரு மணி வாக்கில், நல்ல நிலா வெளிச்சத்தில், உடைந்த மதில் வழியாக ஏறினார்கள். கோட்டையின் கில்லேதார் பகதூர் கான், வயதான மனிதர், அங்கேயே சண்டையிட்டு இறந்தார். உள்ளே இருந்தவர்களில் ஆயிரம் பேருக்கும் மேல் செத்ததாக அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன.

ஆக, கல்லில் கட்டிய வாசல் நின்றது முப்பது வருடம். 1761இலிருந்து 1791.

அடுத்த வருடம் ஒப்பந்தப்படி பெங்களூர் திப்புவிடமே திரும்பிப் போனது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்பு இறந்தான். அவன் பிள்ளைகளையும் வீட்டுப் பெண்களையும் கொண்டுபோய் வைத்தது எங்கே? வேலூர்க் கோட்டையில். நாங்கள் சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடிய இடத்தில் திப்பு மகால், ஹைதர் மகால் என்று இருக்கிறதே, அதற்குள்தான். 1806 ஜூலை 10 கலகத்துக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்கூலில் இதைப் பாடமாகப் படித்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். பெங்களூரில் ஒரு உடைந்த மதில்தான் அந்தப் பாடத்தின் முன்பகுதி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

1809இல் வெள்ளைக்காரர்கள் அல்சூர்ப் பக்கம் புதிதாகக் கண்டோன்மென்ட் அமைத்து அங்கே போய்விட்டார்கள். கோட்டை ஆயுதக்கிடங்காகச் சுருங்கியது. 1888இல் மைசூர் அரசிடம் கைமாறியது. அதற்குப் பிறகு அதை எந்தப் பீரங்கியும் இடிக்கவில்லை. ரோடு வேண்டும் என்று கொஞ்சம், பள்ளிக்கூடம் வேண்டும் என்று கொஞ்சம், ஆஸ்பத்திரி வேண்டும் என்று கொஞ்சமாக எடுத்தார்கள். விக்டோரியா ஆஸ்பத்திரி, கண்ணுக்கு மின்டோ ஆஸ்பத்திரி, 1935இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வாணிவிலாஸ் ஆஸ்பத்திரி, 1950களில் மெடிக்கல் காலேஜ். எல்லாம் பழைய கோட்டை நிலத்தில், அதன் ஓரத்தில். நான் கோட்டைப் பைத்தியம்தான், ஆனாலும் இதில் எதையும் கட்டியிருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2012இல் மெட்ரோவுக்காக மார்க்கெட் பக்கம் தோண்டியபோது பழைய பீரங்கிகள் இரண்டு மண்ணுக்குள்ளிருந்து வந்தன. நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த வருடம்.

*

நேரில் போனது போன டிசம்பரில்தான். அப்பா பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். அப்பா கட்டட மேஸ்திரி. நாற்பது வருடம் வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி என்று வீடு கட்டியவர். பெங்களூரில் அவருக்கு எதைக் காட்டினாலும் "எல்லாம் கண்ணாடியா கீது" என்பார். மாலுக்குக் கூட்டிப்போவதில் அர்த்தமில்லை. "கோட்டைக்குப் போலாமாப்பா?" என்றேன். "நம்மூர்ல இல்லாத கோட்டையா?" என்றார். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பூ மார்க்கெட் கூட்டத்தைத் தாண்டி, மகளை நடுவில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். வெளியே ஹார்ன் சத்தம், உள்ளே காலடி வைத்ததும் பாதியாகக் குறைந்தது. உயரமான மரக்கதவு, அதில் இரும்புக் குமிழ்கள். யானை முட்டாமல் இருக்க என்று மகளுக்குச் சொன்னேன். யானைக்கு வலிக்குமே என்றாள்.

பெரிய கதவுக்குள் சின்னக் கதவு. "திட்டிவாசல்" என்றார் அப்பா. எனக்கு அந்த வார்த்தை மறந்தே போயிருந்தது. பெரிய கதவை எப்போதும் திறக்க மாட்டார்கள், அதிலேயே ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வைத்திருப்பார்கள், அதற்குப் பெயர் திட்டிவாசல். "யாரா இருந்தாலும் குனிஞ்சிதான் வரணும். குனியசொல்ல தலைய எடுக்கலாம்ல" என்றார். மகள் குனியவே வேண்டியிருக்கவில்லை. நேராக நடந்து போனாள்.

உள்ளே கல்சுவரில் தாமரையும் பறவைகளும் யானைகளும் செதுக்கியிருக்கிறார்கள். சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில். ஹைதர் அலியின் கோட்டைக்குள் பிள்ளையார் சௌகரியமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அப்பா பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நேராகச் சுவருக்குப் போனார். உள்ளங்கையை வைத்து, கல்லும் கல்லும் சேரும் இடத்தை நகத்தால் சுரண்டினார். வீடு கட்டும் இடத்தில் சித்தாள்கள் பூசிய சுவரை அவர் இப்படித்தான் பார்ப்பார்.

"இன்னா வேலமா இது. ஊசி போவல பாரு."

வெளிப்பக்கம் மதிலில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில், ரொம்பச் சின்னது. இந்த உடைப்பின் வழியாகத்தான் பிரிட்டிஷ் தாக்குதல் நடத்தப்பட்டது, தேதி 1791 மார்ச் 21. நடத்தப்பட்டது என்று நான் எழுதுவதற்கு அதில் இருக்கும் ஆங்கிலச் சொல், டெலிவர். தாக்குதல் டெலிவர் செய்யப்பட்டது. யார் செய்தார்கள், யார் மேல், எத்தனை பேர் செத்தார்கள், எதுவும் இல்லை. அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தேன். அப்பா என்னவென்று கேட்டார். எங்கள் ஆபீஸில் இந்த வார்த்தை ஒருநாளைக்கு நூறு முறை வரும் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு அடுத்த திங்கள் போன மின்னஞ்சலின் தலைப்பும் அதுதான்: வெற்றிகரமாக டெலிவர் செய்யப்பட்டது. நான் அப்போது வேறு டெலிவரியில் இருந்தேன் என்று டீமில் ஒருவன் ஜோக் அடித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். நல்ல ஜோக்தான், எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தப் பகுதியை அடுத்த வருடமே தூக்கிவிட்டு வேறொரு கம்பெனியின் சேவையை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இதை நான் கசப்பில் சொல்லவில்லை. மென்பொருளில் எல்லாக் கோட்டையும் அப்படித்தான்.

படியில் உட்கார்ந்து அப்பாவிடம் லட்சுமம்மா கதையைச் சொன்னேன். கதையை மட்டும்தான். என் வெள்ளிக்கிழமை ராத்திரியை அவரிடம் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாப்பா முன்னாடியே பிறந்துவிட்டாள் என்பதுதான்.

கர்ப்பிணி பலி என்று வந்த இடத்தில் அவர் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"வாசல் எந்த எடத்துல கட்னாங்கோ? பக்கத்துல ஏரி, கொளம் எதுனா இருந்துச்சா?"

"பெங்களூர்ல அப்ப எங்க பார்த்தாலும் ஏரிதான்பா."

"அப்பறம் எப்பிடி நிக்கும்? ஏரி மண்ணு. மழ பேஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். செவுரு தாங்கும், ஏன்னா நீளமா கீது, பாரம் பிரிஞ்சிடும். வாசல்ல பாரம் பூரா ரெண்டு காலுக்குத்தான் வரும். கடக்கால் ஆழமா எடுக்கணும். சத்துவாச்சாரில ஒரு வீடு, மூணு தபா வாசக்கால் வச்சும் சாஞ்சிச்சு. ஜோசியக்காரன் வந்து என்னென்னவோ சொன்னான். நான் இன்னும் நாலடி தோண்டுடான்னேன். நாலடில கெட்டி மண்ணு வந்துச்சு. அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"அந்தக் கொத்தனாருக்குத் தெரிஞ்சிருக்கும்மா. தோண்டணும்னு தெரிஞ்சிருக்கும். ராஜாகிட்ட இன்னும் ஒரு மாசம் ஆவும்னு யாரு சொல்றது?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு ரோல்பேக் என்ற வார்த்தை எனக்கும் தெரிந்திருந்தது. பதினேழு பேருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வாரம் தள்ளிப்போட்டிருக்கலாம். அதை யார் சொல்வது என்றுதான் எல்லாரும் மியூட்டில் இருந்தோம். அதைச் சொல்வதைவிட, நான் இருக்கிறேன் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. ஆறு வருடமாக நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தது அந்த அமைதி மேல். அதில் பதினேழில் ஒரு பங்கு என்னுடையது என்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எண்ணிப் பார்த்தேன்.

அப்பா எழுந்து மறுபடி கதவுக்குப் போனார். கீழே நிலையும் கல்லும் சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் கையால் அளந்தார். இருநூற்று அறுபது வருடத்தில் ஒரு விரல்கூட இறங்கவில்லை என்று அவருக்கு ஆச்சரியம். யார் கட்டினார்கள் என்று கேட்டார். ஹைதர் அலி என்றேன்.

"அது சரி. மேஸ்திரி யாரு?"

ஐந்தரைக்குக் காவலாளி விசில் ஊதினார். வெளியே வந்து ஆட்டோ கிடைக்காமல் ஆஸ்பத்திரி பக்கமாக நடந்தோம். வாணிவிலாஸ் வாசலில் வழக்கமான கூட்டம். நிறைமாதப் பெண்கள், கூடை பிடித்த அம்மாக்கள், ஃப்ளாஸ்க் வாங்க ஓடும் ஆண்கள். ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மாமியாரிடம், "அத்த, நான் ஆட்டோ புடிக்கிற வரைக்கும் நிக்கமாட்டேன், இங்கியே உக்காந்துக்கறேன், நீங்க போய்ப் பாருங்க" என்றாள். சுத்தமான வடாற்காட்டுத் தமிழ். மாமியார் என்னவோ முணுமுணுத்தபடி ஆட்டோ தேடப் போனார். அந்தப் பெண் நடைபாதைக் கட்டையில் மெதுவாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை நீட்டிக்கொண்டாள். மகள் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். நகர மாட்டேன் என்றாள். அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.